ஆறாவது முறைக்கு ஒன்றுமில்லை

விஜயவாடா ஹாஸ்டல்
9 ஜூலை 2023, ஞாயிறு

அன்னய்யா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால் அது ராஹேலம்மா புண்ணியம். செவ்வாயும் வெள்ளியும் எங்களிடம் சலவைக்குத் துணி எடுக்க வருகிறவள். அழுக்குத் துணிக்குள் சுருட்டி வைத்தால் வெளியே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிடுகிறாள். நீ பதில் எழுதினால் அவள் வீட்டு விலாசத்துக்கு எழுது, பின்பக்கம் குறித்திருக்கிறேன். ஆபீஸ் வழியாகப் போட வேண்டுமானால் கவரை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். ஹாஸ்டல் பொறுப்பாளர் பத்மஜா மேடம் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். போன மாதம் வீட்டுக்கு "நலம், நன்றாகப் படிக்கிறேன், சாப்பாடு ருசியாக இருக்கிறது" என்று எழுதியது மேடத்துக்காக. சாப்பாடு ருசி என்று நான் எழுதியதைப் பார்த்து நீயாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஞாயிறு தோறும் பரீட்சை. திங்கள் காலை மெஸ் சுவரில் பட்டியல் ஒட்டுகிறார்கள். இருநூற்று நாற்பது பெண்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். நூற்று இருபதுக்குள் இருந்தால் ஏ பிரிவு. அதற்குக் கீழே பி, அதற்கும் கீழே சி. நான் நூற்றுப் பதினெட்டு. காலை மணி அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. அது அடிக்கப்போகிறதே என்று நெஞ்சு படபடக்கப் படுத்திருக்கிறேன். அம்மாவை விட்டுவிட்டு நான்னாவிடமே சொல், அன்னய்யா. தணுக்குவிலேயே படித்து டாக்டர் ஆகிக் காட்டுகிறேன் என்று சொல். நீ சொன்னால் கேட்டுவிடுவார் என்று இல்லை. ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போனில் நம் கார்டு ஆட்டம், நாகபந்தம், ஆடுகிறாயா? போனை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர என் மண்டையை வாங்கி வைக்கவில்லை. பழைய வினாத்தாளின் ஓரங்களைக் கிழித்து முப்பது கார்டு செய்துவிட்டேன். இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். நம் ஏற்பாடு மாறவே இல்லை. கார்டுக் கட்டு அமைப்பது நான், ஆடுவது நீ, பெயர் மட்டும் உன்னுடையது. காசு போட்டு ஆடுகிறவனிடம் எல்லாப் பொன் கார்டும் இருக்கும். நம்மிடம் தினமும் ஆடிச் சேர்த்ததுதான். அதனால் நம் ஆமைக் கட்டையே வைத்துக்கொள். முதல் ஐந்து முறை அடி வாங்கினாலும் உயிரைக் காப்பாற்று. முறைக்கு ஒன்றாகச் சக்தி கூடி, பத்தாவது முறையில் பத்தும் கைக்கு வந்ததும் எழுந்து அடி.

ஒன்று மட்டும். ஏழுதலை நாகத்தை உடைத்துத் தூளாக்கிவிடாதே. எல்லோரும் அந்தக் கார்டைத் திட்டுகிறார்கள் அல்லவா? எல்லோரும் திட்டுகிற கார்டைக் கம்பெனிக்காரர்கள் மாதக் கடைசியில் பலவீனமாக்குவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு வாரத்துக்கு அதை உடைக்கிறவர்களுக்கு, புதுக் கார்டு வாங்க உதவும் தூள் முழுதும் திரும்பக் கிடைக்கும், ஆயிரத்து அறுநூறு. இப்போது உடைத்தால் கால்வாசிதான், அதுவரை பொறு.

கிரண்மயி


தணுக்கு
17 ஜூலை 2023

சிட்டி,

திட்டாதே. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாகத்தை நான் வியாழக்கிழமையே உடைத்துவிட்டேன்.

தூள் கையில் இல்லாமல் அரித்துக்கொண்டே இருந்தது. நாகத்தால் தோற்றுக்கொண்டே இருந்தேன், கோபம் வந்தது, உடைத்தேன். நானூறு தூள் கிடைத்தது. அதிலும் இருநூறுக்கு ஏதோ வாங்கிவிட்டேன். என்ன வாங்கினேன் என்று கேட்காதே.

நான்னாவிடம் பேசினேன். அவர் மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "நான்னா, சிட்டிக்கு அங்க ஒத்துக்கலன்னு தோணுது" என்றேன்.

"உனக்குத் தோணுதா? ரெண்டு பேப்பர் பாக்கி வெச்சிருக்கியே, அதை எழுதணும்னு தோணலயா?" என்றார்.

"இல்ல நான்னா, அவ பயப்படறா."

"எல்லாப் பொண்ணுங்களும் மொத ரெண்டு மாசம் அழும். அப்புறம் வீட்டுக்கு வான்னாலும் வராது. நீ போய் மொபைல் கடையில ரீசார்ஜ் பண்ணு, போ."

நான் ரீசார்ஜ் பண்ணப் போய்விட்டேன். கடிதம் வந்தது என்று சொன்னால் எடு பார்க்கலாம் என்பார். அதில் நாகபந்தம் இருக்கும். அப்புறம் என் போன் கோதாவரிக் கால்வாயில்தான். அவருடைய கையைப் பற்றி உனக்குத் தெரியாததா?

ஒரு விஷயம் கேள். செப்டம்பரில் ஹைதராபாத்தில் நேரில் போட்டி நடக்கிறது. ஆந்திரா, தெலங்கானா இரண்டிலிருந்தும் பதினாறு பேர். ஜெயிக்கிறவனை ஒரு அணியில் சேர்த்துக்கொண்டு மாதச் சம்பளம் தருவார்களாம். இதே ஆட்டத்துக்கு! நான் பதினாறில் ஒருத்தனாக வந்துவிட்டால் நான்னா முன்னால் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து நிற்பேன். போன வாரம் ஐம்பது ஆட்டம் ஆடி எதிராளி என்ன கட்டு வைத்திருந்தான் என்று எழுதி வைத்தேன். இருபத்திரண்டு நெருப்பு, பதினான்கு நாகம், ஒன்பது பேய், மீதி ஏதேதோ. நீ பார்த்து ஒரு கட்டு அமைத்துக் கொடு. உன் மண்டை இல்லாமல் நான் பூஜ்யம், அது உனக்கும் தெரியும்.

தைரியமாக இரு. எல்லாம் சரியாகிவிடும்.

பானுதேஜா


ஹாஸ்டல்
24 ஜூலை 2023

அவசரக்குடுக்கை அன்னய்யாவுக்கு,

ஒரு நாள்! ஒரே ஒரு நாள் பொறுக்க முடியவில்லையா உனக்கு? ஆயிரத்து இருநூறு தூளைக் காற்றில் ஊதிவிட்டாய். அதைத் திரும்பச் சேர்க்க நீ நான்கு மாதம் தூங்காமல் ஆட வேண்டும். உன்னை என்ன செய்தால் தகும்?

சரி, போனது போனதுதான். நெருப்புக் கட்டு அதிகம் என்றால் ஆமைக்கு நல்ல காலம். நாகம் இருந்த இடத்தில் கோயில் யானை இரண்டு வை. வீச ஏழு சக்தி வேண்டும், சாதாரணக் கார்டு, தூளே வேண்டாம், நம்மிடம் கிடக்கிறது. வைத்தியச்சி இரண்டு, அதுவும் சாதாரணம். ஒவ்வொருத்தியும் ஆறு உயிர் திருப்பித் தருவாள். காசு போட்டவர்கள் இதையெல்லாம் சீந்த மாட்டார்கள், அதனால் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். மூன்றாவது முறை வரை எதையும் வீசாதே. கை அரித்தால் கையைக் கட்டிக்கொள்.

போன திங்கள் பட்டியல் ஒட்டினார்கள். நூற்று இருபத்தாறு. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பி பிரிவு மாடிக்குப் போகச் சொன்னார்கள். புது அறையில் என் பக்கத்துக் கட்டில் ஹம்சினியுடையது, நரசராவ்பேட்டைப் பெண். நான் போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். பேசிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால் கட்டில் காலி. அவள் அப்பா வந்து கூட்டிப் போய்விட்டார் என்கிறார்கள். என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு மேடம், "உனக்கு எதுக்கு? உன் நம்பரைப் பாரு" என்றார். அவள் செருப்பு இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. செருப்புப் போடாமலா ஒரு பெண் ஊருக்குப் போவாள்?

அந்தச் செருப்பைப் பார்க்க எனக்கு நடுக்கமாக இருக்கிறது. ஆகஸ்ட் பதின்மூன்று இரண்டாம் ஞாயிறு, வீட்டு ஆட்களைப் பார்க்கலாம். நீ வா. அம்மா நான்னாவோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, நீ கட்டாயம் வா.

கிரண்மயி


தணுக்கு
8 ஆகஸ்ட் 2023

சிட்டி, என் தங்கமே!

யானை! உன் யானை! அடேயப்பா, நேற்று ஒருத்தன் நெருப்பைக் கொட்டி என்னை இரண்டு உயிரில் நிறுத்திவிட்டான். வைத்தியச்சி ஒன்று, வைத்தியச்சி இரண்டு, பிறகு யானை. அவனுக்கு வீச ஒன்றுமில்லை. பத்தாவது முறையில் முடித்தேன். "இந்தக் குப்பையை எல்லாம் எவன்டா ஆடுவான்" என்று எழுதிவிட்டு ஓடிவிட்டான். நான் வேலை பார்க்கும் மொபைல் கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. மாநில வரிசையில் நாற்பத்தொன்றாவது இடம், சிட்டி! பத்துக் காசு போடாத கட்டு!

பதின்மூன்றாம் தேதி நான் வர முடியாது. அன்றைக்குத்தான் தகுதிச் சுற்று, காலை முதல் மாலை வரை ஒன்பது ஆட்டம். அம்மாவும் நான்னாவும் புளிஹோராவும் கோங்குராப் பச்சடியும் எடுத்துக்கொண்டு வருவார்கள். உனக்குப் பிடித்த மாதிரி எண்ணெய் மிதக்க.

அந்தப் பெண் விஷயத்தை மனசில் போட்டு உழப்பாதே. உடம்பு சரியில்லாமல் போயிருக்கும், வீட்டுக்குப் போயிருப்பாள். நீ கண்டதையும் யோசிப்பதால்தான் எண் இறங்குகிறது.

பேய்க் கட்டுக்கு எதிராக மட்டும் தடுமாறுகிறேன். என்ன மாற்றலாம்? சீக்கிரம் எழுது.

பானு


ஹாஸ்டல்
21 ஆகஸ்ட் 2023

அன்னய்யா,

பதின்மூன்றாம் தேதி இருபது நிமிடம் கொடுத்தார்கள். மேடம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்னா என் எண்ணைக் கேட்டார், அம்மா என் தலைமுடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வந்துவிடுவாய் என்று.

வியாழக்கிழமை சோதனை போட்டார்கள். புத்தகங்களை எல்லாம் தலைகீழாக உதறினார்கள். இயற்பியல் புத்தகத்திலிருந்து முப்பது துண்டும் விழுந்தன.

"என்னடி இது?" என்றார் மேடம்.

"கார்டு மேடம். ஒரு விளையாட்டு..."

"சீட்டா? ஹாஸ்டல்ல உட்கார்ந்து சூதாட்டமா?"

"சூது இல்ல மேடம். எங்க அன்னய்யாவுக்காகச் செஞ்சேன். அவனைக் கேட்டுப் பாருங்க."

அப்போதே நான்னாவுக்குப் போன் போட்டார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு. நான்னா உன்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "ஏரா, இவ உனக்காகச் சீட்டு செஞ்சாளாமே, என்ன அது?" என்று கேட்டார். உன் குரலும் கேட்டது, அன்னய்யா. "எனக்கு ஒண்ணும் தெரியாது நான்னா" என்றாய். எங்கள் மாடியில் உள்ள எல்லோரும் கேட்டார்கள்.

மூன்று வேளையும் மெஸ் வாசலில் அந்தத் துண்டுகளை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு நிற்க வைத்தார்கள். சாப்பிடப் போகிறவர்கள் ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்று பட்டியலில் நூற்று எண்பத்தெட்டு. சி பிரிவு.

இனிமேல் ராஹேலம்மாவின் மூட்டையையும் பிரித்துப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்னால் அவள் வேலை போய்விடக் கூடாது. எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டால் பயம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். ஏன் அப்படிச் சொன்னாய்?

கிரண்மயி


தணுக்கு
28 ஆகஸ்ட் 2023

சிட்டி,

ஐந்து தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நான்னா போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார், என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவர் அப்படிப் பார்த்தால் எனக்கு வருகிற வார்த்தை அது ஒன்றுதான். அதற்கப்புறம் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை மருந்துக் கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

தகுதிச் சுற்றில் தேறிவிட்டேன். பதினாறில் நான் பதினைந்தாவது. வீட்டில் யாருக்கும் தெரியாது. செப்டம்பர் பதினாறாம் தேதி போக வேண்டும், பதினேழு போட்டி. ஜெயித்துவிட்டு வந்து நான்னா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிட்டிதான் அமைத்தாள், சிட்டிக்கு அங்கே ஆகவில்லை, கூட்டி வாருங்கள் என்று. அப்போது என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும். இன்னும் மூன்றே வாரம், பொறுத்துக்கொள்.

ஆனால் ஒரு தலைவலி. கம்பெனிக்காரர்கள் இந்த மாதக் கடைசியில் பாதி ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். நாகத்தைப் பலவீனமாக்கிவிட்டார்கள், நீ சொன்னபடியே. எல்லோரும் முழுத் தூள் வாங்கிப் புதுப் பொன் கார்டு செய்துகொண்டார்கள், என்னைத் தவிர. ஆமைக் கட்டு பத்துக்கு ஏழு தோற்கிறது. என்னிடம் மொத்தம் தொள்ளாயிரம் தூள். இதற்குள் ஒரு கட்டு அமைக்க முடியுமா? கேட்க வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாத
பானு


ஹாஸ்டல்
9 செப்டம்பர் 2023

அன்னய்யா,

தொள்ளாயிரம் தூள் தாராளம். எண்ணூற்று நாற்பதிலேயே முடித்துவிட்டேன். எலி, தேள், குளவி, இரண்டிரண்டு: ஒரு சக்தி. ஓநாய்க் குட்டி, ரத்தச் சத்தியம், கள்ளன், இரண்டிரண்டு: இரண்டு சக்தி. மூன்று சக்தியில் எட்டு, நான்கில் ஆறு, ஐந்தில் நான்கு. எழுதி வைத்திருக்கும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ரத்தச் சத்தியம் ஒவ்வொன்றும் உன் உயிரில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டு கார்டு தரும். தயங்காமல் உயிரைச் செலவழி. முதல் முறையிலிருந்து முகத்திலேயே அடி. எதையும் சேர்த்து வைக்காதே. ஐந்தாவது முறைக்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான் அமைத்ததிலேயே சுத்தமான கட்டு இது.

உன் மேல் கோபம் இல்லை. யார் மேலும் இல்லை. இப்போதெல்லாம் பயமும் இல்லை. மணி அடித்தால் எழுந்திருக்கிறேன். பட்டியலைப் பார்ப்பதில்லை, எண் என்றால் எண்தானே. நன்றாகத் தூங்குகிறேன். மேடம்கூட, "இப்பதான் இந்தப் பொண்ணு வழிக்கு வந்திருக்கா" என்றார்.

அம்மா கொடுத்த ஆவக்காய் பாட்டிலைப் பக்கத்துக் கட்டில் மௌனிகாவிடம் கொடுத்துவிட்டேன். என் ஸ்வெட்டரையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். நாளை இரண்டாம் ஞாயிறு. யாரும் வர வேண்டாம், படிக்க இருக்கிறது என்று ஆபீஸ் வழியாகச் சொல்லிவிட்டேன். இனி கடிதம் வரவில்லை என்றால் கவலைப்படாதே.

நன்றாக ஆடு.

கிரண்மயி


ஹாஸ்டல் வாசல்
16 செப்டம்பர் 2023, சனி, காலை பதினொன்றே கால்

சிட்டி,

நான் உன் ஹாஸ்டல் வாசலில், காவல்காரர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். இன்றைக்குப் பார்க்கும் நாள் இல்லையாம். காவல்காரர் சுப்பையா நல்ல மனிதர். "சார், எனக்கும் பொண்ணு இருக்கு, கடுதாசியை மட்டும் குடுங்க, கையில சேர்த்துடறேன்" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கட்டு வந்த நாளிலிருந்து முப்பத்து நான்கு ஆட்டம் ஆடினேன். முப்பதில் ஜெயம். எல்லாம் நான்கு ஐந்து முறையில் முடிந்தன, தோற்றாலும் அப்படித்தான். உன் கடிதத்தில் பயம் இல்லை என்று பார்த்ததும், அப்பாடா, சிட்டி தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். காலையில் ஹைதராபாத் பஸ் ஏறினேன். ஏலூரு தாண்டியதும் கை பழக ஒரு ஆட்டம் போட்டேன். எதிராளி சாகவில்லை. காயத்தை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆறாவது முறை வந்தது. ஆறு சக்தி இருக்கிறது, கையில் ஒரு எலி. ஏழாவது முறை, ஒரு தேள். எட்டு, ஒன்பது. பத்து சக்தியை வைத்துக்கொண்டு வீச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

தூள் இல்லாததால்தான் இப்படி அமைத்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். உன் தாளை எடுத்து விரித்தேன். யானைக்குத் தூள் வேண்டாம், சிட்டி. வைத்தியச்சிக்கும் வேண்டாம். இரண்டும் நம்மிடம் இருக்கிறது என்று நீயே எழுதியவள். அறுபது தூள் மிச்சமும் வைத்திருக்கிறாய். எப்படிப்பட்ட கட்டிலும் ஒரே ஒரு பெரிய கார்டாவது வைப்பாயே, ஆட்டம் இழுத்தால் என்ன செய்வது என்று. முப்பது கார்டையும் விரலை வைத்து எண்ணினேன். ஆறாவது முறைக்கு ஒன்றுமில்லை. உயிரைத் திருப்பித் தருகிற கார்டு ஒன்றுகூட இல்லை. உயிரைச் செலவழிக்கிற கார்டு மட்டும் இருக்கிறது. அதற்கப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஆவக்காய், ஸ்வெட்டர், வர வேண்டாம், கவலைப்படாதே. "பஸ்ஸை நிறுத்துங்க" என்று கத்தினேன். கண்டக்டர், "ஏம்ப்பா, வாந்தியா?" என்றார். கன்னவரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் எந்தச் சாமியும் பாக்கியில்லை, எல்லோரையும் கூப்பிட்டேன்.

ஆட்டோவிலிருந்தே நான்னாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்கள், கட்டு, ஹைதராபாத், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நான் சொன்ன பொய், எல்லாம்.

"பஸ்ஸுல ஏறி ஊருக்கு வா, நேர்ல பேசிக்கலாம்" என்றார்.

"வர மாட்டேன் நான்னா. அவளைக் கூட்டிக்காம வர மாட்டேன். செருப்பை விட்டுட்டுப் போன அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. நம்ம பொண்ணுக்கும் அப்படி ஆகட்டும்னு உட்கார்ந்திருப்பீங்களா?"

சிட்டி, நான்னாவிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு, "கடையை மூடிட்டு வரேன். அம்மாவும் வரா. நாங்க வர்ற வரைக்கும் அந்த கேட்டை விட்டு நகராதே" என்றார்.

இப்போது உன்னிடம் நேரடியாகவே கேட்கிறேன். இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் சொல். திட்ட மாட்டேன். அழ மாட்டேன் என்று சொல்ல முடியாது. நீ எண்ணில் கடைசியாக இரு, டாக்டர் ஆகாதே, என்னை மாதிரி இரண்டு பேப்பர் பாக்கி வை, எனக்கு ஒன்றும் இல்லை. நீ இரு, அது போதும். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் கட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம், கீழே மட்டும் வந்துவிடு. தனியாக இருக்காதே. மௌனிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

பதில் வரும் வரை இந்தப் பெஞ்சிலேயே இருக்கிறேன்.

பானு


அதே தாளின் பின்பக்கம்

அன்னய்யா,

சுப்பையா மாமா காத்துக்கொண்டு நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வேண்டுமென்று அப்படி அமைக்கவில்லை. சத்தியமாகத் தெரியாது. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நானும் விரல் விட்டு எண்ணினேன். யானையை ஒதுக்கி வைத்தது நினைவிருக்கிறது. ஏன் என்று என்னை நானே கேட்டால், அவ்வளவு நேரம் ஆட்டம் போகாது என்று தோன்றியது. என் ஆட்டமும் அவ்வளவு நேரம் போகாது என்றுதான் மூன்று வாரமாக இருந்தேன். நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். தினமும் தோன்றியது. அப்படித் தோன்றியபோது பயமாகவே இல்லை, அதனால் அது சரிதான் என்று நினைத்துவிட்டேன்.

எண்ணி முடித்ததும் மௌனிகாவைக் கூப்பிட்டேன். இவ்வளவு பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. மௌனிகா என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ரொம்பப் பயமாக இருக்கிறது, அன்னய்யா. என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் இருக்கிறேன். நீயும் அங்கேயே இரு.